ஜாம்கேட்: ஊரார் கையில் நல்வாழ்வு

ஒரு மருத்துவமனை எவ்வளவு சிறப்பாக இயங்கினாலும், குணமடைந்து வீடு திரும்பிய குழந்தை அதே அசுத்த நீரைக் குடித்து, அதே நோயுடன் மீண்டும் வந்து சேருமாயின் அம்மருத்துவமனையால் ஊருக்கு விளைந்த நன்மை என்ன? 1960களில் மராட்டிய மாநிலம் அகமதுநகர் மாவட்டத்தில் வடாலா என்னும் சிற்றூர் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ரஜனிகாந்த் அரோலே, டாக்டர் மேபல் அரோலே தம்பதியர் இக்கேள்வியை நாள்தோறும் எதிர்கொண்டனர். இருவரும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். அமெரிக்காவில் மேற்பயிற்சி பெற்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் கற்று, 1970இல் தாயகம் திரும்பினர். அதே மாவட்டத்தின் வறண்ட பகுதியான ஜாம்கேட்டில், ஒருங்கிணைந்த கிராம சுகாதாரத் திட்டம் என்னும் சிறு தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினர். (இம்மாவட்டம் 2024 முதல் அகில்யாநகர் எனப் பெயர் பெற்றுள்ளது.)

முப்பது கிராமங்கள், நாற்பதாயிரம் மக்கள் என்பது முதற்கட்ட இலக்கு. ஆனால் அம்மக்கள் கேட்டது தடுப்பூசியையன்று, உணவையும் நீரையும். அடுத்து வந்த ஆண்டுகளில் மராட்டியத்தை வாட்டிய கடும் வறட்சி, இத்தேவையை மேலும் கூர்மையாக்கிற்று. எனவே மருத்துவர்களின் முதற்பணிகளுள் கிணறு தோண்டுவதும் குழந்தைகளுக்குச் சமுதாயச் சமையற்கூடம் அமைப்பதும் சேர்ந்தன. குழாய்க் கிணறுகள் பலவும் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புகளில் அமைக்கப்பட்டன. அதுவரை ஊர்க் கிணற்றை அணுக முடியாதிருந்தோர் தம் வாயிலிலேயே நீர் பெற்றனர். மற்றையோர் அங்கு சென்று நீர் எடுக்க வேண்டியதாயிற்று. சாதி ஒழிப்புப் பற்றிய எந்தச் சொற்பொழிவும் செய்திராத வேலையை ஒரு கைப்பம்பு செய்தது எனலாம்.

ஊர் ஆடவரை ஒன்றுசேர்க்கக் கையாளப்பட்ட வழி இதனினும் எளியது. மாலையில் கைப்பந்து ஆட்டம் நடத்தப்பட்டது. பந்தைத் தொடுவோர் எச்சாதியினர் என்று ஆட்டத்தின் நடுவே எவரும் கேட்பதில்லை. ஆட்டம் முடிந்து அமர்ந்து பேசியவர்களிடமிருந்து உழவர் மன்றங்கள் உருவாயின. பின்னர் மகளிர் மன்றங்களும் தோன்றின.

செவிலியர் தங்கவில்லை

தொடக்கத்தில் வகுத்த முறை அரசுத் துறை வகுக்கக்கூடிய முறையே ஆகும். பயிற்சி பெற்ற துணைச் செவிலியரைக் கிராமங்களில் குடியமர்த்தினால் போதும் எனக் கருதப்பட்டது. அது பலிக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த இளம்பெண்ணுக்கு அங்கே பாதுகாப்பில்லை. அவள் கூறும் அறிவுரையை மூத்த பெண்டிர் பொருட்படுத்தவுமில்லை. பிள்ளை பெறாத பெண் பிள்ளை வளர்ப்பைக் கற்பிப்பதா என்னும் எண்ணம் இயல்பானதே. அதன் பின்னரே, ஊரார் தம்முள் ஒரு பெண்ணைத் தாமே தேர்ந்தெடுத்து அனுப்பும் முறை பிறந்தது.

அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரில் பெரும்பாலோர் எழுதப் படிக்க அறியாதவர்கள். பலர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். கணவனால் கைவிடப்பட்டோரும் கைம்பெண்களும் அவர்களுள் இருந்தனர். வாரந்தோறும் ஜாம்கேட் வந்து, இரவு தங்கிப் பயில்வது வழக்கம். ஒன்றாக உண்டு, ஒரே கூடத்தில் உறங்க வேண்டியிருந்ததால் தீண்டாமை முதலில் வகுப்பறையிலேயே தளர்ந்தது. கற்ற பாடம் சிறிது சிறிதாகவே அமைந்தது. இந்த வாரம் கற்றதை ஊரில் செய்து பார்த்து, அடுத்த வாரம் வந்து கூற வேண்டும்.

அவர்கள் எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது நோய்க்கிருமிகளை மட்டுமன்று. வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு நீர் தரலாகாது என்பர். சீம்பால் கெடுதல் எனப் பிழிந்து கொட்டுவர். வயிற்றுப் பிள்ளை பெருத்துவிடும் என்று அஞ்சிக் கருவுற்ற பெண் அரை வயிறே உண்பாள். இவற்றை வெளியார் கண்டித்தால் ஊர் நகைக்கும். பக்கத்து வீட்டுக்காரி உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைத் தன் கையாலேயே புகட்டி, வாடிய குழந்தை கண் திறப்பதைத் தாய்க்குக் காட்டினால் அவ்வழக்கம் தானே மாறும். மகப்பேறு பார்த்தல், காசநோயாளிகளும் தொழுநோயாளிகளும் இடையில் நிறுத்தாமல் மருந்துண்ணச் செய்தல், குடும்ப நலம், பாலர் கல்வி, வளரிளம் பெண்களுக்கான வகுப்புகள் எனப் பணி விரிந்தது. இப்பெண்களால் ஆகாத நோய்களுக்கு மட்டுமே மருத்துவமனை.

திட்டத்தின் பதிவுகளின்படி, 1971இல் ஆயிரத்துக்கு 176ஆக இருந்த சிசு மரண விகிதம் 1976இல் 52ஆகக் குறைந்தது. 1971இல் நாட்டின் சராசரி 129. இவை நடத்துவோரே திரட்டிய கணக்குகள் என்பதை மறத்தலாகாது. ஆயினும் 2010இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான ஒப்பாய்வு ஒன்று, பிறந்த முதல் மாதத்தைக் கடந்த குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறக்கும் அபாயம் சுற்றுப்புறக் கிராமங்களைவிடத் திட்டக் கிராமங்களில் 30 விழுக்காடு குறைவு எனக் கண்டது. முதல் மாதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பச்சிளங்குழந்தையைக் காப்பதற்கு ஊர்ப் பெண்ணின் திறன் மட்டும் போதாது, பிற வசதிகளும் தேவை என இதனைக் கொள்ளலாம்.

அரசுத் திட்டங்களும் ஜாம்கேட்டும்

1975இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூலொன்றில் ஜாம்கேட் அனுபவம் இடம்பெற்றது. 1978இல் ஆல்மா ஆட்டா மாநாடு ஆரம்பச் சுகாதாரத்தை உலகக் கொள்கையாக அறிவித்தது. 1979இல் அரோலே தம்பதியர் மகசேசே விருது பெற்றனர்.

நம் நாட்டில் 1977 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய சமுதாயச் சுகாதார ஊழியர் திட்டம், ஆயிரம் பேருக்கு ஒருவர் என்னும் கணக்கில், மாதம் 50 ரூபாய் மதிப்பூதியத்துடன் நாடெங்கும் பரவியது. ஆனால் நியமிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் ஆடவர். தாய்-சேய் நலமே முதன்மையாக இருக்க வேண்டிய பணிக்கு இது பொருந்தவில்லை. பயிற்சியும் மூன்று மாதத்தோடு முடிந்தது. நாளடைவில் அவர்கள் ஊருக்குப் பொறுப்பானவர்களாக அன்றி, அரசு வேலையை எதிர்நோக்குவோராக மாறினர்.

2005இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின்கீழ் வந்த 'ஆஷா' திட்டம் அத்தவற்றைத் திருத்திப் பெண்களையே தேர்ந்தெடுத்தது. இன்று ஏறத்தாழப் பத்து இலட்சம் பெண்கள் இதில் பணிபுரிகின்றனர். எனினும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று அன்று வகுத்த விதியைக் கடுமையாகக் கடைப்பிடித்திருந்தால், ஜாம்கேட்டின் முதல் தலைமுறை ஊழியரில் பெரும்பாலோர் விண்ணப்பிக்கவே இயலாது. படிவங்களை நிரப்ப எழுத்தறிவு தேவை என்பது மெய்யே. ஆயினும் படிவம் யாருக்காக நிரப்பப்படுகிறது என்பதையும் அலுவலர்கள் எண்ணிப் பார்த்தல் தகும். மற்றொரு சிக்கல் ஊதியம். ஜாம்கேட்டில் பணி பெரும்பாலும் தொண்டாகவே நடந்தது. வருவாய்க்கு இப்பெண்கள் சிறுதொழில்களை நாடினர். ஒரு சிறு நிறுவனத்தில் ஊராரின் மதிப்பு ஈடுசெய்யக்கூடிய குறையை, பத்து இலட்சம் பேரை நியமிக்கும் அரசு அவ்வாறே ஈடுசெய்ய இயலாது. ஊக்கத்தொகை போதாதென ஆஷா பணியாளர்கள் பல மாநிலங்களில் போராடியுள்ளனர்.

மேபல் அரோலே 1999இலும் ரஜனிகாந்த் அரோலே 2011இலும் மறைந்தனர். அவர்களுடைய மக்கள் பணியைத் தொடர்ந்தனர். பிற மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஜாம்கேட் பயிற்சி நிலையத்திற்கு வரும் மருத்துவர்களுக்கும் மாணவர்களுக்கும் பாடம் சொல்வோருள், பள்ளி வாயிலை மிதிக்காத அக்கிராமப் பெண்களும் இருந்துவந்துள்ளனர்.