கரையில் நின்ற கை

திண்டு போன்ற கல்மலை ஒன்று தன்னிடத்தே நிற்றலால் திண்டுக்கல் எனப் பெயர் பெற்றது அவ்வூர் என்பர். அம் மலைக்கோட்டையின்மீது ஏறி நாற்றிசையும் நோக்குவோர்க்குத் தெற்கே சிறுமலை தோன்றும். மேற்கே பழனிமலைத் தொடர் நீலநிறம் பூண்டு நிற்கும். இடையே பரந்த சமவெளி கிடக்கும். தென்கோடியில் நிலக்கோட்டைப் பக்கமாக வைகை செல்வது ஒழிய, இச் சமவெளிக்குப் பேராறு இல்லை. குடகனாறு மழைக்காலத்தே நீர் பெருகி, வேனிலிலே மணலாறு ஆகிவிடும். ஆதலால் இங்குள்ள உழவர் பெருமக்கள் பாறையை உடைத்து அகன்ற கிணறுகளைத் தோண்டினர். அக் கிணறுகள் பயிருக்கு நீர் தந்தன. அதனோடு ஊர்ச் சிறுவர்க்கு நீச்சற் பள்ளிகளாகவும் விளங்கின.

நீச்சல் தமிழர்க்குப் புதிய கலை அன்று. கால் ஊன்றி நிற்கத்தக்க நீரை நிலை என்றும், கால் எட்டாத நீரை நீச்சு என்றும், பெருகிவரும் வெள்ளத்தை நீத்தம் என்றும் நம் முன்னோர் பகுத்துப் பெயரிட்டனர். நீரில் பற்றுக்கோடாகக் கொள்ளும் மிதவையைப் புணை என்றனர். புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர். முதுமையில் ஊன்றுகோல் பற்றி நடுங்கும் ஒருவர், கழிந்த தம் இளமையை எண்ணி இரங்குவதாக அமைந்தது அப் பாடல். நீர்த்துறையிலே தாழ்ந்து கிடந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் உள்ளோர் வியக்குமாறு ஆழ்ந்த மடுவிலே பாய்ந்து, அடியில் கிடந்த மணலை அள்ளிவந்து காட்டிய நாள்கள் இனி எங்கே என்று அம் முதியவர் ஏங்குகின்றார்.

இங்கே நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. மடுவில் பாய்ந்தவர் ஒருவர். கரையில் நின்று கண்டவர் பலர். நீந்துவோரையே பாராட்டும் நாம், கரையில் நிற்போரை மறந்துவிடுகிறோம். ஆயினும் நீச்சலின் பாதுகாப்பும் பெருமையும் பெரும்பாலும் கரையில் நிற்போரிடமே உள்ளன. இதனை விளக்குவதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

கிணற்றில் நீச்சல் பழக்கும் முறை எளியது, எனினும் ஒழுங்குடையது. உலர்ந்த சுரைக்குடுக்கையையேனும், முள்முருங்கைக் கட்டையையேனும் சிறுவன் முதுகிலே கட்டுவர். வாழைத்தண்டைத் தழுவி மிதப்போரும் உண்டு. பிற்காலத்தில் லாரிச் சக்கரத்து டியூப் புணையாயிற்று. சிறுவன் இடுப்பிலே ஒரு கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையைப் பற்றிக்கொண்டு மூத்தவர் ஒருவர் படிக்கல்லில் நிற்பார்.

யான் எட்டு அகவைச் சிறுவனாய் இருந்தபோது இம் முறையிலேதான் பயின்றேன். கயிற்றைப் பற்றி நின்றவர் என் தாய்மாமன். “மாமா, கயிற்றை விட்டுவிடாதீர்கள்!” என்று நாள்தோறும் அலறுவேன். “விடமாட்டேன், நீ காலை அடி” என்பார் அவர். ஒருநாள் கிணற்றைக் குறுக்கே கடந்து, எதிர்ப்புறப் படிக்கல்லைப் பற்றிக்கொண்டு திரும்பி நோக்கினேன். கயிறு நீரின்மீது தளர்ந்து மிதந்தது. அவர் அதனை இழுக்கவும் இல்லை, கைவிடவும் இல்லை. தேவை நேர்ந்தால் இழுக்கவும், தேவையில்லாதபோது தளர்த்தவும் அறிந்த கையே நல்லாசிரியரின் கை என்பதைப் பின்னாளில் உணர்ந்தேன்.

மனித உடல் நீரில் மிதத்தற்குக் காரணம் யாது? நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும்போது உடலின் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடச் சிறிது குறைகின்றது; அதனால் உடல் மிதக்கின்றது. மூச்சை முற்றும் வெளிவிட்டால் பலர் தாழ்ந்துபோவர். அச்சங்கொண்டவன் கைகளை மேலே தூக்குகிறான். தூக்கிய கைகளை நீர் தாங்குவதில்லை; அவற்றின் சுமை தலையை நீருள் அழுத்துகின்றது. ஆகவே, நீச்சலின் முதற்பாடம் கையடித்தலும் காலடித்தலும் அல்ல. அஞ்சாது மூச்சை அடக்கி மிதத்தலே ஆகும்.

காலம் மாறிற்று. ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. பழைய கிணறுகளுள் பல வற்றின. நீர் இல்லாமையால் நீச்சல் பயிலும் வழக்கமும் குன்றிற்று. பெருமழை பெய்த ஆண்டிலோ, வற்றிய கிணறுகளும் குளங்களும் கைவிடப்பட்ட கற்குழிகளும் மீண்டும் நிரம்புகின்றன. நீர் திரும்பி வருகின்றது. நீச்சல் திரும்பி வருவதில்லை. நீந்த அறியாத சிறுவர் ஆழம் அறியாமல் இறங்கி உயிரிழக்கின்றனர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி மாண்டனர். அவருள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் ஐந்து அகவை நிரம்பாத குழந்தைகள். இக் கொடுமையை உணர்ந்த ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை, அவ்வாண்டிலேயே சூலை 25ஆம் நாளை நீரில் மூழ்கலைத் தடுக்கும் உலக நாளாக அறிவித்தது.

முன்பு தாய்மாமனும் தந்தையும் ஆற்றிய கடமையை இக்காலத்தில் நீச்சற் கழகங்கள் மேற்கொண்டுள்ளன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சற் குளங்கள் மதுரை முதலிய நகரங்களில் உள்ளன. கோடை விடுமுறையில் அவற்றில் சிறுவர்க்கு வகுப்புகள் நடைபெறுகின்றன. சென்னை வேளச்சேரியில் உள்ள பெருங்குளம், 1995ஆம் ஆண்டில் அந் நகரில் நிகழ்ந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக அமைக்கப்பட்டது. இக் குளங்களில் சிறுவர் முதலில் மிதக்கப் பழகுவர். பின்னர் நால்வகை நீச்சல்களையும் முறையே கற்பர். விரைவு மிகுந்த கட்டற்ற நீச்சல், மல்லாந்து செல்லும் பின்னீச்சல், தவளைபோல் கால் உதைக்கும் மார்பு நீச்சல், இருகைகளையும் ஒருங்கே சிறகென வீசும் வண்ணத்துப்பூச்சி நீச்சல் என்பன அவை. இவற்றுள் இறுதியது 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கிலேதான் தனிப் போட்டியாக இடம்பெற்றது.

பயிற்சிக்காலம் முடிந்ததும் போட்டிக்காலம் வரும். அகவைக்கேற்பச் சிறுவரை வகுப்புகளாகப் பிரித்துப் போட்டி நடத்துவர். ஐம்பது மீட்டர்க் குளத்தில் எட்டுச் சிறுவர் நீந்துகின்றனர் என்று கொள்வோம். அவர்களுக்காகக் கரையில் எத்தனை பேர் வேண்டும்! தொடங்க ஒலிகொடுப்பவர், நடுவர், நீச்சல் முறை பிறழாமல் காண்பவர், சுவரைத் தொட்டுத் திரும்புவதை நோக்குபவர், நேரம் கணிப்பவர், அதனை எழுதுபவர் எனப் பலர் வேண்டும். 1500 மீட்டர் நீந்துவோன் குளத்தின் நீளத்தை முப்பது முறை கடக்க வேண்டும். அவனுக்கு எஞ்சிய சுற்றுகளை எண் பலகையால் காட்டுதற்கும் ஒருவர் வேண்டும். இத்தனை பேருக்கும் ஊதியம் அளிக்கும் வளம் சிறு கழகங்களுக்கு இல்லை. ஆதலால் உலகின் பல நாடுகளிலும் நீந்தும் சிறுவர்தம் பெற்றோரே முன்வந்து இப் பணிகளை ஆற்றுகின்றனர்.

நேரம் கணிக்கும் பணி எளிது எனக் கருதற்க. ஒரு தடத்துக்கு மூவர் நிறுத்து கடிகாரத்துடன் நின்றால், இருவர் கணிப்பு ஒத்திருப்பின் அதுவே முடிவான நேரம். மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ளதே முடிவான நேரம். 1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர்க் கட்டற்ற நீச்சலின் இறுதிப் போட்டியில் நிகழ்ந்ததைக் கேண்மின். அமெரிக்க நாட்டு இலான்சு இலார்சனுக்கு மூன்று கடிகாரங்களும் 55.0, 55.1, 55.1 நொடிகள் எனக் காட்டின. ஆத்திரேலியரான சான் தெவித்துக்கு மூன்றும் 55.2 நொடி எனக் காட்டின. ஆயினும் சுவரைத் தொட்டதைக் கண்ணால் கண்ட நடுவர்களிடையே கருத்து மாறுபட்டது. முடிவில் தலைமை நடுவர் பொற்பதக்கத்தைத் தெவித்துக்கே உரியதாக்கினார். பல்லாண்டு நிலைத்த பூசல் அதனால் எழுந்தது. பின்னர், கை பட்டவுடன் நேரத்தைப் பதிவு செய்யும் தொடுபலகைகள் வழக்கத்திற்கு வந்தன. 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவை பயன்பட்டன. எனினும் சிறிய போட்டிகளில் இன்றும் மனிதர் கண்ணும் கையுமே கருவி. தன் மகன் நீந்தும் தடத்திலும் பிறன் மகன் நீந்தும் தடத்திலும் ஒரே விரல் ஒரே விரைவில் கடிகாரத்தை அழுத்த வேண்டும். கரையில் நிற்கும் தந்தைக்கு அதுவே போட்டி. அதில் அவர் தோற்றல் ஆகாது.

பெற்றோர் துணையால் உயர்ந்தோர் நம் நாட்டில் உளர். சசன் பிரகாசு என்பார் கேரளத்தில் பிறந்து, நம் நெய்வேலியில் வளர்ந்து, அங்கே நீச்சல் பயின்றவர். அவர்தம் அன்னையார் சாந்திமோள் ஓட்டப்பந்தய வீராங்கனையாக விளங்கியவர். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டே மகனைப் பேணி வளர்த்தார். 2021ஆம் ஆண்டில் அம் மகன் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்தார். ஒலிம்பிக்கிற்கு நேரடியாகத் தகுதி தரும் நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் என்னும் புகழ் அவருக்கு உரியதாயிற்று.

கடலில் நீந்துவோர்க்கும் இஃது ஒக்கும். மிகிர் சென் 1966ஆம் ஆண்டில் பாக்கு நீரிணையைக் கடந்தபோது இந்தியக் கடற்படை உடன் சென்று காத்தது. ஈரோட்டைச் சார்ந்த குற்றாலீசுவரன் 1994ஆம் ஆண்டில், சிறுவராய் இருந்தபோதே, ஆங்கிலக் கால்வாய் உள்ளிட்ட ஆறு நீர்ப்பரப்புகளை நீந்திக் கடந்தார். நெடுங்கடல் நீந்துவோரைத் துணைப்படகு ஒன்று தொடர்ந்து செல்லும். அதில் உள்ளோர் உணவை நீட்டுவர்; வழி காட்டுவர்; ஆனால் நீந்துவோரைத் தொடமாட்டார்கள். தொட்டால் அம் முயற்சி செல்லாது. கையெட்டும் தொலைவில் இருந்தும் தொடாமல் காத்திருப்பதற்கும் மனவலிமை வேண்டும் அன்றோ?

மாணவர்களே! நீங்களும் ஒருநாள் கரையில் நிற்பீர்கள். அப்போது மறவாமல் கொள்ளத்தக்கவை சில. மூழ்குவோன் பெரும்பாலும் கூவி அழைப்பதில்லை. மூச்சுக்கே போராடுபவனுக்குக் குரல் எழாது. ஆதலால் தம்பி தங்கையர் நீரில் இருக்கும்போது கண்ணை வேறிடம் திருப்பாதீர்கள். ஒருவன் மூழ்குவதைக் கண்டால் உடனே குதிக்காதீர்கள். அவன் உங்களைப் பற்றிக்கொள்வான், இருவரும் அழிவீர்கள். உரக்கக் கூவிப் பெரியோரை அழையுங்கள். கழி, கயிறு, துண்டு, வெற்றுக்குடம் ஆகியவற்றுள் எது கிடைப்பினும் கரையில் நின்றே நீட்டுங்கள், அல்லது எறியுங்கள். கரையேற்றியவனைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் பிழை. மூச்சு நின்றிருப்பின், பயிற்சி பெற்றோர் உடனே மூச்சூட்டி மார்பை அழுத்த வேண்டும். 108 என்னும் எண்ணுக்குச் செய்தி சொல்லுங்கள்.

ஐப்பசியும் கார்த்திகையும் வரும். திண்டுக்கல் சமவெளியின் குளங்களும் கிணறுகளும் மீண்டும் நிரம்பும். அதற்கு முன்வரும் கோடையிலேயே நீச்சல் பயிலுங்கள். உங்கள் தாயோ தந்தையோ மாமனோ கரையில் நிற்க, அவர் கண்ணெதிரே பயிலுங்கள். நன்கு பயின்றபின் உங்கள் தம்பியின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை நீங்கள் பற்றிக்கொள்ளுங்கள். கிணற்றைக் கடந்து திரும்பி நோக்கும் அவன், அக் கயிறு தளர்ந்திருப்பதைக் காணட்டும். அது உங்கள் கையில் இருப்பதையும் காணட்டும்.