காட்டுவழி – 11: குதிரை தங்கும் முகாம்

குதிரையோடு காட்டில் தங்கப் போகிறவர்கள், தாங்கள் படுக்கும் இடத்துக்கு முன்பாகக் குதிரை நின்று இரவைக் கழிக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். கூடாரம் சரிவில் அமைந்துவிட்டால் மனிதர் ஓர் இரவு தூக்கம் கெட்டு எழுந்து போய்விடுவார். தண்ணீர் பிடிக்காமல், தரை சரியில்லாமல், கயிறு காலில் சுற்றி அவதிப்பட்ட குதிரை மறுநாள் சவாரிக்கு ஆகாது. சில சமயம் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கு பரவலாக இருக்கிறது. குதிரையை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய், பூங்காவிலோ அரசு வனத்திலோ இரண்டு மூன்று நாள் தங்கிச் சவாரி செய்து திரும்பும் குடும்பங்கள் அங்கே ஏராளம். அவர்களுக்கென்று ‘ஹார்ஸ் கேம்ப்’ எனப்படும் தனி முகாம்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. டென்னசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையில் விரிந்துகிடக்கும் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா இதற்கு நல்ல உதாரணம். 1934இல் உருவான இந்தப் பூங்காவின் பரப்பு ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல். இங்குள்ள காட்டுப்பாதைகளில் ஏறக்குறைய 550 மைல், அதாவது 880 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம், குதிரைகளுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. ஆனால் வாகனத்தில் போய்ச் சேரக்கூடிய குதிரை முகாம்கள் அந்தோணி க்ரீக், பிக் க்ரீக், கட்டலூச்சி, ரவுண்ட் பாட்டம், டோ ஸ்டிரிங் என்ற ஐந்துதான். ஒவ்வொன்றிலும் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய அளவுக்கே இடங்கள் உண்டு. எனவே எந்த முகாம், எந்த மாதம் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது சாலை. இழுக்கும் வண்டியையும் டிரெய்லரையும் சேர்த்தால் நீளம் 12 மீட்டரை எளிதாகத் தாண்டும். ஆட்கள் தங்கும் அறையும் சேர்ந்த பெரிய டிரெய்லர் என்றால் 15 முதல் 18 மீட்டர் வரை போகும். கட்டலூச்சிப் பள்ளத்தாக்குக்கு இறங்கும் வழியில் வளைந்து வளைந்து செல்லும் குறுகலான சரளைச் சாலை இருக்கிறது. எதிரே இன்னொரு டிரெய்லர் வந்தால் இருவரில் ஒருவர் பின்னோக்கி எடுத்து வழிவிட்டாக வேண்டும். பின்னால் நானூறு, ஐநூறு கிலோ எடையுள்ள இரண்டு குதிரைகள் கால் மாற்றி நின்றுகொண்டிருக்கும்போது மலைச்சரிவில் வண்டியைப் பின்னோக்கி எடுப்பது எல்லாருக்கும் கைவந்த வேலை அல்ல. முகாமுக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி இடம் அமைந்திருக்கிறதா, திருப்புவதற்கு வளைவுச் சாலை உண்டா, குதிரையை இறக்கச் சமதளம் உண்டா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. புதிதாகத் தொடங்குபவர்கள் தார்ச்சாலையிலிருந்து அதிக தூரம் உள்ளே போகாத முகாமையே எடுப்பது மேல்.

அடுத்தது தண்ணீர். வளர்ந்த குதிரை ஒன்று ஒரு நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். வெயிலில் மலையேறிய நாளில் இன்னும் கூடும். நான்கு குதிரைகளோடு மூன்று நாள் தங்கினால் ஐந்நூறு லிட்டர் வரை வேண்டியிருக்கும். இதை வீட்டிலிருந்து சுமந்துகொண்டு போவது கடினம் என்பதால் குழாயோ, கைப்பம்போ, ஓடையோ முகாமை ஒட்டி இருந்தே தீர வேண்டும். இருந்தால் மட்டும் போதாது. எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதும் முக்கியம். முழு வாளிகளை இருநூறு மீட்டர் தூக்கிவர வேண்டியிருந்தால் இரண்டாம் நாளே கை ஓய்ந்துவிடும். பழகாத தண்ணீரின் மணமும் சுவையும் பிடிக்காமல் சில குதிரைகள் வாய் வைக்க மறுக்கும். தண்ணீர் குறைந்தால் குடலில் தீனி இறுகிக் கோலிக் எனப்படும் கடும் வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. எனவே அதன் வயிற்றுக் கோளாறு எதையும் லேசாக விட்டுவிடக் கூடாது. அனுபவசாலிகள் முதல் நாளுக்கு வீட்டுத் தண்ணீரையே கேனில் கொண்டுபோய், அதோடு முகாமின் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குகிறார்கள்.

சில முகாம்களில் பொதுத் தொட்டி இருக்கும். பார்க்க வசதியாகத் தெரிந்தாலும் அதைத் தவிர்ப்பதே நல்லது. தொண்டையடியில் நெறிகட்டிச் சீழ் வைக்கும் ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற நோய் ஒரே தொட்டியில் மூக்கை வைக்கும் குதிரைகளிடையே வேகமாகப் பரவும். சொந்த வாளியில்தான் தண்ணீர் காட்ட வேண்டும்.

தீனி வீட்டிலிருந்துதான் வர வேண்டும். குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை உலர்புல் தின்னும். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது ஏழு முதல் ஒன்பது கிலோ. போன இடத்தில் கிடைத்த தீனியைத் திடீரென்று போட்டாலும் வயிறு கெடும். மேற்கு மாநிலங்களின் அரசு வனங்களில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. களைவிதை இல்லை என்று சான்று பெற்ற புல்லை மட்டுமே உள்ளே கொண்டுபோகலாம். குதிரை தின்ற விதைகளில் சில செரிக்காமல் லத்தியோடு வெளியேறிக் காட்டில் முளைத்துவிடும்; வெளிநாட்டுக் களை ஒன்று பள்ளத்தாக்கில் வேரூன்றிவிட்டால் மான்களும் காட்டெருமைகளும் மேயும் புல்வெளியையே அது விழுங்கிவிடும். அதனால் கிளம்புவதற்கு மூன்று, நான்கு நாள் முன்பிருந்தே சான்று பெற்ற புல்லைக் கொடுக்கச் சொல்கிறார்கள். காட்டை நேசிக்கும் எவரும் இந்த விதியைத் தொல்லையாக நினைக்க மாட்டார்கள்.

குதிரையை இரவில் எப்படி நிறுத்திவைப்பது என்பதில்தான் முகாமுக்கு முகாம் பெரிய வேறுபாடு இருக்கிறது. வசதியான இடங்களில் இரும்புக் குழாய்களால் அமைத்த தனித்தனி அடைப்புகள் இருக்கும். குதிரையை உள்ளே விடும் முன் அடைப்பை ஒருமுறை சுற்றி வந்து பார்க்க வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, அறுந்த கம்பி, குளம்பு நுழையும் அளவுக்கு அடிக்கம்பியின் கீழ் இடைவெளி, மூக்கால் தள்ளினால் திறந்துகொள்ளும் தாழ்ப்பாள் இவையெல்லாம் ராத்திரியில்தான் வேலையைக் காட்டும். தரையில் மழைநீர் தேங்குமா என்றும் கவனிக்க வேண்டும். ஸ்மோக்கி மலையின் பள்ளத்தாக்குகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டரும், உச்சிகளில் 2,100 மில்லிமீட்டருக்கு மேலும் மழை பெய்கிறது. அங்கே களிமண் தரையில் நிற்கும் குதிரை காலைக்குள் கணுக்கால் வரை சேற்றில் இருக்கும்.

அடைப்பு இல்லாத இடத்தில் மேல்கயிறு கட்டுவதுதான் வழக்கம். உறுதியான இரண்டு மரங்களுக்கு இடையே, குதிரையின் தலைக்கு மேலே இருக்கும்படி, சுமார் ஏழடி உயரத்தில் கயிற்றை இழுத்துக் கட்டி, அதில் குதிரையின் முகக்கயிற்றைப் பிணைப்பார்கள். முதலில் மரத்தைச் சுற்றி இரண்டு மூன்று அங்குல அகலமுள்ள பட்டை நாடாவைப் போட்டு, அதன் வளையத்தில்தான் கயிற்றைக் கோக்க வேண்டும். வெறுங்கயிற்றை மரத்தில் சுற்றினால், குதிரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது பட்டையை அறுக்கும். மரத்தின் உணவு பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய அடுக்கு வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றுமுழுதும் அது அறுந்தால் மரம் பட்டுப்போகும். முகக்கயிற்றின் நீளமும் அளவாக இருக்க வேண்டும். குதிரை தலையைத் தாழ்த்திப் புல் தின்ன முடிய வேண்டும். ஆனால் முன்னங்கால் கயிற்றுக்குள் போய்விடக் கூடாது. பிணைக்கும் இடத்தில் சுழலும் கொக்கி இருந்தால் கயிறு முறுக்கேறாது. குதிரைகள் மரத்தையும், ஒன்றையொன்றும் எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். எட்டினால் பட்டையைக் கடிக்கும். பொழுது போகாமல் குளம்பால் மண்ணைப் பறித்து வேரை வெளியே கொண்டுவந்துவிடும். குதிரைகளை நேரடியாக மரத்தில் கட்டிவைத்துப் பழகிய பழைய முகாம்களில், வேர்கள் எலும்பாய்த் துருத்திக்கொண்டு பட்டுப்போன மரங்கள் இன்றும் நிற்கின்றன. அமெரிக்க வனத்துறை இப்போது இரவுக் கட்டுத்தறியை நீர்நிலையிலிருந்து 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டர், தள்ளி அமைக்கச் சொல்கிறது.

முளையடித்துக் கட்டுவது, முன்னங்கால்களுக்குத் தளை போட்டு மேயவிடுவது, பேட்டரியில் இயங்கும் மின்வேலி ஆகியவையும் புழக்கத்தில் உள்ளன. இவற்றில் எதையும் முதன்முறையாகக் காட்டில் வைத்துச் சோதித்துப் பார்க்கக் கூடாது. இடி இடித்தாலோ கரடி வாடை அடித்தாலோ மிரண்ட குதிரைக்கு மெல்லிய மின்கம்பி ஒரு தடையே அல்ல.

கட்டும் இடத்தைச் சுற்றியுள்ள மரங்கள் என்னென்ன என்று பார்ப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிழக்கு அமெரிக்கக் காடுகளில் சாதாரணமாகக் காணப்படும் மரங்கள் சில குதிரைக்கு நஞ்சு. சிவப்பு மேப்பிளின் பச்சை இலையைவிட வாடிய இலை கொடியது. அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஒன்றரை கிலோ அளவு தின்றாலே குதிரை சாகக்கூடும். புயலில் கிளை முறிந்து விழுந்த மறுநாள்தான் ஆபத்து அதிகம். காட்டுச் செர்ரியின் வாடிய இலையில் சயனைடு உண்டாகும். கருப்பு வால்நட் மரத்தூள் கலந்த படுக்கையில் நின்றாலே குளம்பின் உட்பகுதி வீங்கிக் குதிரை நொண்டும். இந்த மரங்களை இலை பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள், தெரிந்த ஒருவரைக் கேட்காமல் குதிரையைக் கட்டக் கூடாது.

குதிரை ஒரு நாளில் போடும் லத்தியும் சிறுநீரும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் வரும். அதைக் கொட்ட முகாமில் தனித் தொட்டியோ குழியோ இருக்கிறதா, மண்வாரியும் தள்ளுவண்டியும் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இவை இல்லாத முகாமில் ஈக்கள் மொய்க்கும்.

காகிதங்களையும் மறக்கக் கூடாது. குதிரைத் தொற்று ரத்தசோகை என்ற வைரஸ் நோய்க்கு மருந்தும் இல்லை, அமெரிக்காவில் தடுப்பூசியும் இல்லை. குதிரை ஈக்கள் ஒன்றைக் கடித்த வாயோடு இன்னொன்றைக் கடிக்கும்போது அது பரவுகிறது. தொற்று உறுதியானால், குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டும். இல்லையென்றால் மற்றக் குதிரைகளிலிருந்து குறைந்தது 200 கஜம் தள்ளி ஆயுள் முழுவதும் தனியே வைக்க வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீராய் காகின்ஸ் 1970இல் வெளியிட்ட ரத்தப் பரிசோதனைதான் இந்த நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. ‘காகின்ஸ்’ சான்றைக் காட்டினால்தான் பெரும்பாலான முகாம்களில் குதிரையை இறக்க விடுவார்கள். மாநில எல்லை தாண்டினால் கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும் வேண்டும். இந்தக் கெடுபிடி இல்லாத முகாம் கிடைத்தால் மகிழ ஒன்றுமில்லை. பக்கத்தில் நிற்கும் குதிரைக்கு என்ன நோய் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

முகாமிலிருந்தே பாதை தொடங்குகிறதா என்பது கடைசியில் பார்க்க வேண்டியது என்றாலும், சவாரியின் இன்பமெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஸ்மோக்கிக்கு வடமேற்கே, டென்னசி – கென்டக்கி எல்லையில் உள்ள பிக் சவுத் ஃபோர்க் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியில் ஸ்டேஷன் கேம்ப், பேர் க்ரீக் என்ற குதிரை முகாம்கள் உள்ளன. அங்கிருந்து மணற்பாறைச் செங்குத்துகளுக்கு நடுவே ஆற்றங்கரைவரை இறங்கலாம். மோட்டார் வாகனமே போகாத சாரிட் க்ரீக் விடுதிக்குக் குதிரையிலேயே போய்ச் சேரலாம். தெற்கு டகோட்டாவின் கஸ்டர் மாநிலப் பூங்காவிலோ ஃப்ரெஞ்ச் க்ரீக் முகாம் குதிரைக்காரர்களுக்கு மட்டுமே. அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்டெருமைகள் சுதந்திரமாகத் திரிகின்றன. காட்டெருமையை ஒருபோதும் பார்த்திராத குதிரை அதைக் கண்டதும் ஓட்டமெடுக்கலாம். ஒரே பாதையில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் வருகிறார்களா என்பதையும் விசாரிக்க வேண்டும். குதிரைக்கு எல்லாரும் வழிவிட வேண்டும் என்பது அங்குள்ள பொது மரபு. ஆனால் வளைவில் சத்தமின்றி வரும் சைக்கிளுக்கு அந்த மரபு எப்போதும் நினைவிருக்கும் என்று சொல்ல முடியாது. பாறைத் தரை என்றால் லாடம் புதிதாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 15, 20 கிலோமீட்டருக்குள் திரும்பும்படி சுற்றுப்பாதை கிடைத்தால், பழக்கமில்லாத குதிரைக்கு அதுவே போதும்.

ஸ்மோக்கியில் ஏறத்தாழ 1,900 கருங்கரடிகள் இருக்கின்றன. மனிதர் சாப்பாட்டைப் போலவே குதிரைத் தானியத்தையும் வண்டிக்குள் பூட்டி வைக்க வேண்டும். வெல்லப்பாகு கலந்த தீவனத்தின் மணம் கரடியை வெகு தூரத்திலிருந்து இழுத்துவரும்.

பருவத்தையும் பார்த்துத்தான் நாளைக் குறிக்க வேண்டும். பனி உருகிய ஈரத்தில் குளம்பு பட்டால் பாதை குழியாகிவிடும் என்பதால், யெல்லோஸ்டோன் பூங்காவில் ஜூலை 1க்கு முன் குதிரையோடு காட்டுக்குள் இரவு தங்க அனுமதி இல்லை. இலையுதிர் காலத்தில் அரசு வனங்களில் வேட்டை நடக்கும்; ஆளும் குதிரையும் ஆரஞ்சு நிறத் துணி அணிந்துதான் போக வேண்டும். ஸ்மோக்கியின் ஐந்து முகாம்களுக்கும் முன்பதிவு கட்டாயம். 2024 செப்டம்பரில் வந்த ஹெலீன் புயல் கட்டலூச்சி, பிக் க்ரீக் பகுதிகளின் சாலைகளையும் பாதைகளையும் வெகுவாகச் சிதைத்தது. ஆகவே டிரெய்லரைப் பூட்டும் முன், போகிற முகாமும் அதற்குப் போகும் சாலையும் திறந்திருக்கின்றனவா என்று பூங்கா நிர்வாகத்தைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.