செருப்பு போட்டா உள்ள விடமாட்டாங்களா? பார் வாசலில் நிற்கும் டிரஸ் கோடு

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு ஒரு ஜோடி செருப்புல இருந்து ஆரம்பிக்கலாம்.

என் கூட்டாளி ஒருத்தன். நாகர்கோவில்காரன், என் கூட ஸ்கூல்ல படிச்சவன், இப்போ சென்னையில வேலை. புரமோஷன் கிடைச்சிருக்கு, ட்ரீட் வைக்கேன்னு கூப்பிட்டான். நல்ல இடத்துல உக்காந்து பேசலாம்னு ஒரு பெரிய ஹோட்டல் லவுஞ்சுக்குப் போனோம். அவன் அயர்ன் பண்ண சட்டை, பேன்ட், கால்ல தோல் செருப்பு. செம்மங்குடி ரோட்டுல வாங்கினது. நான் போட்டிருந்த கேன்வாஸ் ஷூவோட விலை அதுல பாதி கூட வராது.

வாசல்ல செக்யூரிட்டி தம்பி ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு: "சாரி சார், ஓபன் ஃபுட்வேர் அலவ் பண்ண மாட்டோம்." சரி, ரூல்னா ரூல். ஆனா நாங்க அங்க நின்னுட்டு இருக்கும்போதே, ஹோட்டல்ல தங்கியிருக்க ஒருத்தர் ஷார்ட்ஸும் ரப்பர் செருப்புமா எங்களைத் தாண்டி உள்ள போனாரு. கதவை யாரோ திறந்தும் விட்டாங்க.

என் கூட்டாளி ஒண்ணும் பேசல. ஆட்டோல ஏறினதுக்கு அப்புறம்தான் வாயைத் திறந்தான். "எங்க பூட்டன செருப்பே போடக்கூடாதுன்னுட்டானுவ. இவனுவ இந்தச் செருப்ப போடக்கூடாதுங்கானுவ. அவ்ளோதாம்ல வித்தியாசம்."

அவன் சொன்னது சரியா? ரெண்டும் ஒண்ணுதானா? இன்னைக்கு எபிசோடே இந்தக் கேள்விதான்.

பூட்டன் கதை உண்மையா?

உண்மைதான். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ம் தேதிதான் தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. அதுக்கு முன்னாடி திருவிதாங்கூர். அங்க யார் என்ன உடுத்தலாம்னு சாதிதான் முடிவு பண்ணுச்சு. சாமுவேல் மேட்டீர்னு ஒரு மிஷனரி, திருவிதாங்கூரைப் பத்தி 1871-ல ஒரு புத்தகம் போட்டாரு. அன்னைக்குச் சாணார்னு அழைக்கப்பட்ட நாடார் மக்களுக்கு இருந்த தடைகளை அதுல பதிவு பண்ணியிருக்காரு. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, தங்க நகை போடக் கூடாது. அவங்களுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த சாதிகளோட நிலைமை இதைவிட மோசம்.

தோள் சீலைப் போராட்டம் பத்தி ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. 1822-ல ஆரம்பிச்சு 1859 வரைக்கும் விட்டு விட்டு நடந்த போராட்டம். பெண்கள் மார்பை மறைச்சு மேலாடை போடுறதுக்கு எதிரா சந்தையில, ரோட்டுல துணியைக் கிழிச்சாங்க, வீடுகளை எரிச்சாங்க. கடைசியில 1859 ஜூலை 26-ல உத்திரம் திருநாள் மகாராஜா ஒரு பிரகடனம் போட்டு அனுமதி கொடுத்தாரு.

அந்த அனுமதியோட வாசகத்தை இங்க கவனிக்கணும். குப்பாயம் போட்டுக்கலாம், இல்லைன்னா மீனவப் பெண்கள் மாதிரி முரட்டுத் துணியைச் சுத்திக்கலாம். ஆனா மேல்சாதிப் பெண்கள் உடுத்துற மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது. அந்த ரூலுக்கு உடம்பு மறையுதா இல்லையாங்கிறது பிரச்சினையே இல்லை. பார்த்த உடனே யாரு எந்த ஆளுன்னு தெரியணும், அதுதான் அதோட வேலை. இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

இதே காலத்துல சாமித்தோப்புல அய்யா வைகுண்டர் தன்னைத் தேடி வந்தவங்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னாரு. தலைப்பாகைங்கிறது அந்தக் காலத்துல பெரிய ஆளுங்களோட அடையாளம். இன்னைக்கும் சாமித்தோப்புல ஆண்கள் சட்டையைக் கழட்டிட்டு, தலையில துண்டைத் தலைப்பாகையா கட்டித்தான் கும்பிடுறாங்க. அதுவும் ஒரு டிரஸ் கோடுதான், ஆனா அங்க எல்லாருக்கும் ஒரே கிரீடம்.

அப்போ ஷூ எப்படி ரூல் ஆச்சு?

சென்னையில இருக்க பழைய கிளப்புகளைப் பாருங்க. மெட்ராஸ் கிளப் 1832, ஜிம்கானா கிளப் 1884. வெள்ளைக்காரங்க தங்களுக்காக ஆரம்பிச்சது. லண்டன் குளிருக்குப் பொருந்துற கோட்டு, டை, மூடின ஷூ எல்லாம் மெட்ராஸ் வெயிலுக்கும் வந்துச்சு. வெள்ளைக்காரங்க போன பிறகும் ரூல் புக் இங்கேயே தங்கிடுச்சு.

இந்த ரூல் பெரிய பெரிய ஆளுங்களையும் தடுத்திருக்கு. ஓவியர் எம்.எஃப். உசைன் வெறுங்காலோட நடக்கிறவர்னு எல்லாருக்கும் தெரியும். அவரை 1988-ல பம்பாய் வில்லிங்டன் கிளப்புல உள்ள விடல. காரணம், கால்ல ஷூ இல்லை.

நம்ம ஊரு கேஸ் 2014-ல. ஜூலை 11, சேப்பாக்கத்துல இருக்க தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தோட கிளப்புல ஒரு புத்தக வெளியீடு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் வேட்டி கட்டிட்டுப் போறாரு. வேட்டிக்கு அனுமதி இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. தமிழ்நாட்டுத் தலைநகர்ல, ஒரு நீதிபதிக்கு, வேட்டிக்காக!

சட்டமன்றம் கொந்தளிச்சுது. அடுத்த மாசமே, ஆகஸ்ட் 2014-ல, ஜெயலலிதா அரசு ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு. வேட்டியோ வேற எந்த இந்தியப் பாரம்பரிய உடையோ உடுத்தி வந்தவரை, அந்த உடையை மட்டும் காரணமாச் சொல்லி பொது இடத்துல தடுக்கக் கூடாது. கிளப்புகளும் இதுக்குள்ள வரும். மீறினா உரிமம் ரத்தாகலாம், ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

அந்தச் சட்டம் என் கூட்டாளியைக் காப்பாத்துமா?

காப்பாத்தாது. அவன் போட்டிருந்தது பேன்ட் சட்டை. பிரச்சினை செருப்புல. சட்டம் வேட்டியையும் பாரம்பரிய உடையையும் மனசுல வச்சு எழுதினது.

அரசியலமைப்புல 15(2)-ன்னு ஒரு பிரிவு இருக்கு. கடை, உணவகம், ஹோட்டல், பொழுதுபோக்கு இடங்கள்ல மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் இதுகளை மட்டும் காரணமாச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாதுன்னு அது சொல்லுது. அந்தப் பட்டியல்ல உடை இல்லை. அதனாலதான் "ரைட் ஆஃப் அட்மிஷன் ரிசர்வ்டு"னு ஒரு போர்டை மாட்டிட்டு, ஷூ கேக்குறது அவங்களால முடியுது.

தமிழ்நாட்டுச் சட்டம் தமிழ்நாட்டோட முடிஞ்சுது, அதையும் சொல்லிடுறேன். 2024 ஜூலையில பெங்களூரு ஜி.டி. மால்ல, மகனோட சினிமா பார்க்க வந்த ஒரு வயசான விவசாயியை வேட்டி கட்டியிருந்ததுக்காக உள்ள விடல. வீடியோ பரவுச்சு, கர்நாடக அரசு அந்த மாலை ஏழு நாள் மூடச் சொல்லிடுச்சு. வீடியோ எடுக்காம திரும்பிப் போனவங்களுக்கு என்ன நியாயம் கிடைச்சிருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

ரெண்டும் ஒண்ணுதானா?

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். என் கூட்டாளிகிட்ட நான் சொன்ன பதில்: இல்ல மக்கா, ரெண்டும் ஒண்ணு இல்ல.

பூட்டன் காலத்து ரூல் பிறப்பைப் பார்த்துச்சு. எவ்வளவு காசு இருந்தாலும், எந்தக் கடையில வாங்கினாலும், செருப்பு கால்ல ஏற முடியாது. லவுஞ்ச் வாசல்ல நாளைக்கு ஷூ போட்டுட்டுப் போனா கதவு திறக்கும். ஒரு சாயங்காலம் கெட்டுப்போறதும், தலைமுறை தலைமுறையா வெறுங்கால்ல நடக்குறதும் ஒண்ணு கிடையாது. அப்படிச் சொன்னா பூட்டன் பட்டதைச் சின்னதாக்குறோம்.

அந்தப் பழைய ரூல் செத்துப்போச்சுன்னும் நினைக்காதீங்க. வன்கொடுமை தடுப்புச் சட்டத்துல 2015-ல ஒரு திருத்தம் வந்துச்சு, 2016 ஜனவரி 26-ல இருந்து அமல். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பொது இடத்துல செருப்பு போடுறதையோ புதுத்துணி உடுத்துறதையோ தடுக்கிறது குற்றம்னு அதுல தனியா எழுத வேண்டி வந்திருக்கு. 2023 டிசம்பர்ல திருப்பூர் மாவட்டம் ராஜாவூர்ல ஒரு தெரு வழியா தலித் மக்கள் செருப்பு போட்டு ஒண்ணா நடந்து போனது செய்தி ஆச்சு. செருப்பு போட்டு நடந்தது செய்தி! அது நடந்து இன்னும் ரொம்ப வருஷம் ஆகல.

ஆனா என் கூட்டாளி முழுசா தப்பும் இல்லை. அந்த 1859 பிரகடனத்தை மனசுல வச்சுக்கச் சொன்னேன்ல? லவுஞ்ச் வாசல்ல அவனை உறுத்தினது ஷூ ரூல் இல்லை. ரப்பர் செருப்போட உள்ள போன அந்த ஆளு. செருப்புதான் பிரச்சினைன்னா ரெண்டு பேரையும் நிறுத்தியிருக்கணும். ஒருத்தரை மட்டும் நிறுத்தினா, ரூல் செருப்பைப் பார்க்கல, ஆளைப் பார்க்குதுன்னு அர்த்தம்.

நல்ல ரூல், கெட்ட ரூல்: மூணு கேள்வி

டிரஸ் கோடே கூடாதுன்னு நான் சொல்லல. நாமளே சுசீந்திரம் கோயிலுக்குப் போனா செருப்பை வெளிய விட்டுட்டு, சட்டையைக் கழட்டிட்டுத்தான் உள்ள போறோம். யாருக்கும் அவமானமா தெரியல. ஏன்? கலெக்டர் வந்தாலும் கடைக்கார அண்ணாச்சி வந்தாலும் அதே ரூல். அதே கோயிலுக்குள்ள எல்லா சாதியும் போகலாம்னு ஆனது 1936 நவம்பர் 12 ஆலயப் பிரவேசப் பிரகடனத்துக்கு அப்புறம்தான். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுங்கிறதுக்கு முன்னாடி, கதவு எல்லாருக்கும் திறந்திருக்கணும்.

அதனால எந்த வாசல்ல நின்னாலும் மூணு கேள்வி கேட்டுப் பாருங்க.

ஒண்ணு, ரூலுக்குக் காரணம் இருக்கா? ஆட்டம் போடுற தளத்துல கண்ணாடி கிளாஸ் உடையும், சரக்கு சிந்தி வழுக்கும், கால் வெட்டுப்படும்னு சொல்வாங்க. நியாயமான காரணம். ஆனா பெண்கள் விரல் தெரியுற ஹீல்ஸ் போட்டு வந்தா அதே வாசல்ல தடுக்கிறது இல்லையே? கண்ணாடி ஆம்பளைக் காலை மட்டும் தேடிக் குத்துமா?

ரெண்டு, முன்னாடியே சொன்னாங்களா? டேபிள் புக் பண்ணும்போது சொல்லாம, ஒரு மணி நேரம் ட்ராஃபிக்ல வந்த பிறகு வாசல்ல சொல்றது நியாயம் இல்லை.

மூணு, எல்லாருக்கும் ஒண்ணா? ஹோட்டல்ல தங்குறவர், வெளிநாட்டுக்காரர், ஓனரோட ஃப்ரெண்டு, எல்லாருக்கும்.

மூணுக்கும் "ஆமா"ன்னா, பிடிக்கலன்னாலும் அது ரூல்தான். மூணாவதுக்கு "இல்லை"ன்னா, அது வெறும் வடிகட்டி.

சரி, சனிக்கிழமை என்ன பண்றது?

இப்போ நடைமுறை விஷயம். "ஸ்மார்ட் கேஷுவல்"னு போட்டிருந்தா பெரும்பாலும் இதுதான் அர்த்தம்: முழு பேன்ட், காலர் வச்ச சட்டை இல்லைன்னா சுத்தமான டீ-ஷர்ட், முன்பக்கம் மூடின ஷூ. லோஃபர், கேன்வாஸ் ரெண்டும் பொதுவா ஓகே. ஸ்போர்ட்ஸ் ஷூ இடத்துக்கு இடம் மாறும். ரப்பர் செருப்பு, ஷார்ட்ஸ், கையில்லாத பனியன், இந்த மூணும் அநேகமா நடக்காது. தோல் செருப்புதான் இழுபறி, அதனால போன் பண்ணிக் கேட்டுடுங்க. கேக்குறது கௌரவக் குறைச்சல் இல்லை. வயசு ஆதாரத்துக்கு ஒரு அடையாள அட்டையும் வச்சுக்கோங்க. தமிழ்நாட்டுல 21 வயசு ஆகணும். குடிச்சா வண்டி ஓட்டக் கூடாதுன்னு நான் தனியா சொல்லத் தேவையில்லை.

நிறுத்திட்டாங்கன்னா செக்யூரிட்டிகிட்ட கத்தாதீங்க. அந்த ரூலை அவர் எழுதல. நம்மளை மாதிரியே ஏதோ ஊருல இருந்து வந்து, கம்பெனி கொடுத்த ஷூவுக்குள்ள ராத்திரி முழுக்க நிக்கிறவர். மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்க. "இது எழுத்துல எங்க இருக்கு? அவருக்கும் இதே ரூல்தானா?"ன்னு அமைதியா கேளுங்க. பதில் எப்படி வருதுங்கிறதை வச்சு, இன்னொரு தடவை அங்க காசு செலவழிக்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. வேட்டியோட போய் தமிழ்நாட்டுல தடுத்தாங்கன்னா, 2014 சட்டம் இருக்குன்னு தைரியமா சொல்லுங்க.

என் கூட்டாளி என்ன பண்ணான்னு கேப்பீங்க. அன்னைக்கு ராத்திரி பெசன்ட் நகர் பீச்சுல உக்காந்து மீன் வறுவல் சாப்பிட்டோம். செருப்பைக் கழட்டி மணல்ல வச்சுட்டுத்தான். அடுத்த மாசம் ஆபீஸ் டீம் அதே லவுஞ்சுக்குக் கூப்பிட்டுச்சு. அவன் ஷூ போட்டுட்டுப் போனான், உள்ளயும் விட்டாங்க. வெளிய வரும்போது ஃபீட்பேக் ஃபார்ம் கொடுத்திருக்காங்க. அதுல ஒரே வரி எழுதிட்டு வந்தானாம்: "உங்க ஷூ ரூல் ரூம்ல தங்குறவங்களுக்கும் உண்டா?"

பதில் இன்னும் வரல. வந்தா சொல்றேன். உங்களை எந்த வாசல்லயாவது இப்படி நிறுத்தியிருந்தா, வாய்ஸ் நோட் அனுப்புங்க மக்கா. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.