இறங்குவது எளிது, ஏறுவதுதான் கணக்கு!

ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் "10 மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும்" என்று உருப்போட்டபோது, 'இதெல்லாம் எதுக்குடா?' என்று அலுத்துக்கொண்டவன்தான் நானும். 'ஆண்ட்ரியா டோரியா' பற்றிப் படித்த பிறகே விளங்கியது.

1956-இல் அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால், வேறொரு கப்பலுடன் மோதி மூழ்கிய இத்தாலியக் கப்பல் அது. குளிர்ந்த கடலில் 70 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப் போல் 8 மடங்கு! வெறும் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் போதையேற்றும், ஆக்சிஜனே நஞ்சாகும். அதனால் ஹீலியம் கலந்த வாயு.

இறங்கச் சில நிமிடம் போதும். 20 நிமிடம் கீழே இருந்துவிட்டால், ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். குளிர் நடுக்கினாலும் கயிற்றைப் பிடித்து நின்று நின்றுதான் ஏறணும். அவசரப்பட்டால், மூடி திறந்த சோடா மாதிரி இரத்தத்தில் குமிழி பொங்கிவிடும். அந்தக் கப்பலைப் பார்க்கப்போய்ப் பத்துப் பேருக்கும் மேல் இறந்திருக்கிறார்கள்.

ஃபார்முலா மார்க்குக்கு மட்டுமில்லை நண்பர்களே, உயிருக்கும்தான்!