அப்பாவின் சோபாவுக்குப் புதுச் சட்டை!

ஆபீஸில் இப்போது என்னை 'டெய்லர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். காரணம், எங்கள் வீட்டு சோபா.

1994-ல் அப்பா தவணையில் வாங்கியது. தேக்குச் சட்டம் இன்றும் கல் மாதிரி இருக்கிறது. மேலே போட்ட ரெக்ஸின்தான் வெடித்து, வறண்ட ஏரியாகிவிட்டது. பக்கவாதம் வந்த பிறகு பகல் பூராவும் அப்பாவுக்கு அதுதான் இருப்பிடம். சென்னை வெயிலில் ரெக்ஸின் முதுகோடு ஒட்டிக்கொள்ள, தோல் சிவந்து புண்ணாக ஆரம்பித்தது. "புதுசு வாங்கிடலாம்ப்பா" என்றால், 'ம்ஹூம்' என்று தலையாட்டல். கவர் மாற்றக் கடையில் கேட்டது 15,000 ரூபாய். மாசக் கடைசி வேறு!

அம்மா பீரோ அடியிலிருந்து நாலு பழைய சென்னிமலை பெட்ஷீட்டை எடுத்துப் போட்டாள். "நடுவுலதான்டா நைஞ்சிருக்கு. ஓரமெல்லாம் கெட்டி."

வாஸ்தவம்தான். படுத்துப் படுத்து நடுப்பகுதிதான் தேய்கிறது. இன்னொரு லாபம்... பத்து வருஷம் துவைத்த பருத்தி இனிமேல் சுருங்காது. புதுத் துணியை நனைக்காமல் தைத்தால், முதல் சலவையிலேயே கவர் பத்தாமல் போகும்.

அளவு நாடாவுக்கு அதிக வேலையில்லை. துணியின் உள்பக்கம் வெளியே தெரிய சோபா மேல் போட்டு, வளைவோடு குண்டூசி குத்தி, அந்தக் கோட்டிலேயே மெஷினை ஓட்ட வேண்டும். திருப்பிப் போட்டால் கச்சிதம். மூலைகளில் நாலைந்து மடிப்பு சேர்ந்ததில் என் 14-ஆம் நம்பர் ஊசி 'டக்'! அம்மா 18-ஆம் நம்பர் மாட்டினாள்.

முதல் கவரைப் போட்டு அப்பாவை உட்கார வைத்தேன். டர்ர்ர்ர்! உட்கார்ந்தால் மெத்தை அமுங்கும், துணி இழுபடும் என்று எனக்கு எங்கே தெரியும்?

அப்பா சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு முதல் தடவை. இடது பக்க உதடு மட்டும் அசைந்த அரைச் சிரிப்பு. அதற்காக இன்னும் நாலு கவர் கிழியலாம்!

அடுத்த தடவை சீட்டும் முதுகும் சேரும் இடுக்குக்காக ஆறு அங்குலம் கூடுதலாக விட்டுத் தைத்து, உள்ளே செருகினேன். துணி நழுவாமலிருக்க, பழைய வார இதழ்களைச் சுருட்டி அங்கேயே அடைத்தேன். (ஆசிரியர் மன்னிக்க!)

சோபாவின் ஒரு கை நீலக் கட்டம், இன்னொரு கை பச்சைக் கோடு. பார்க்க சர்க்கஸ் கோமாளி மாதிரிதான் இருக்கிறது. அப்பா இடது கையால் மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"பாக்கெட்... வைக்கலியாடா?"

அன்று ராத்திரியே தைத்துவிட்டேன். இப்போது அதற்குள் அவர் மூக்குக் கண்ணாடி, விபூதிப் பொட்டலம்... அப்புறம், சீரியல் நேரத்தில் அம்மா வீடு பூராத் தேடும் டி.வி. ரிமோட்!