பனிக்காலத்திற் பச்சிளங் குழந்தைக்கு உடுத்தும் முறை

உடை மானத்தைக் காப்பது. பச்சிளங் குழந்தைக்கோ அது உயிரையும் காப்பது. மாத்தளையினின்றும் இரத்தோட்டை, ரிவர்ஸ்டன் வழியாகப் பல்லேகமவிற்குச் செல்வோர் ஒரே பயணத்தில் இரு பருவங்களைக் காண்பர். ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குறையும். மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று நக்கிள்ஸ் மலைத்தொடரில் மோதி மழையும் மூடுபனியும் தரும். மலைமுகட்டில் நடுங்குவோர், பல்லேகமவின் தாழ்நிலத்தை அடைந்ததும் வியர்ப்பர். இவ்வழியே கைக்குழந்தையுடன் செல்லுந் தாய் அதற்கு எவ்வாறு உடுத்தல் வேண்டும்?

குழந்தையின் இயல்பான உடல்வெப்பம் 36.5 முதல் 37.5 பாகை வரையாகும். அதன் நிறைக்கு ஒப்பிடத் தோற்பரப்பு மிகுதி. ஆதலின் வெப்பம் விரைந்து வெளியேறும். வளர்ந்தோரைப் போல் நடுங்கி வெப்பம் உண்டாக்கும் ஆற்றல் பிறந்த குழந்தைக்கு மிகக் குறைவு. கழுத்து, தோள், முதுகுப் பகுதிகளிலுள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தே அது தன்னைச் சூடாக்குகின்றது. குளிர் நீடிப்பின் அச்சேமிப்புக் கரைந்து, பால் உறிஞ்சும் வலிமையுங் குன்றும்.

ஆடை தானாக வெப்பந் தருவதன்று. உடல் தரும் வெப்பத்தைத் தன்னிடையே அடைபட்ட காற்றினாற் காப்பதே அதன் தொழில். எனவே, தடித்த ஓர் ஆடையினும் மெல்லிய பல ஆடைகள் சிறந்தன. தோலையொட்டி மென்மையான பருத்திச் சட்டையும், அதன்மேற் கம்பளிச் சட்டையும், தொப்பியும், காலுறையும் அணிவிக்கலாம். அதே இடத்தில் நாம் அணிவதினும் ஓர் ஆடை கூடுதலாக இருத்தல் பொதுவிதி. மலையேறும்போது ஒன்றைச் சேர்த்து, இறங்கும்போது ஒன்றைக் களைதல் எளிது. நனைந்த துணியை உடனே மாற்றுக. ஈரம் உலருங்கால் உடல்வெப்பத்தைக் கவர்ந்து செல்லும்.

கையுங் காலுஞ் சில்லென்றிருப்பது கொண்டு குழந்தை குளிர்கின்றதென முடிவு செய்தல் கூடாது, அஃது இயல்பே. பிடரியிலும் மார்பிலும் கைவைத்துப் பார்த்தல் வேண்டும். அங்கு இளஞ்சூடிருப்பின் போதும். வியர்வை தோன்றினால் ஆடை மிகுந்துவிட்டது. மார்புங் குளிர்ந்து, குழந்தை துவண்டு பாலுண்ண மறுப்பின் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

மிகையாகப் போர்த்தலுந் தீங்கே. அதிக வெப்பம் உறக்கத்தில் நேரும் திடீர் மரணத்திற்குத் துணைபோவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆதலின் வீட்டினுள் உறங்கும் குழந்தையின் தொப்பியைக் கழற்றி, மல்லாக்கக் கிடத்தி, முகத்தை மூடாது விடுக. தளர்ந்த கம்பளிப் போர்வையும் தலையணையும் அருகில் வேண்டா. கால்களை நீட்டி இறுகச் சுற்றின் இடுப்புமூட்டுப் பழுதுறும். தோட்டத்து லயன் அறைகளிற் குளிருக்கஞ்சிக் கதவடைத்துக் கரிநெருப்பு மூட்டுதல் பெருந் தீங்கு. அதன் நச்சுவாயு ஓசையின்றி உயிரைக் கவரும்.

எல்லா ஆடையினுஞ் சிறந்தது தாயின் மார்பு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், வெப்பப்பெட்டிகள் போதாமையால், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் தோலோடு தோலாக அணைத்துக் காக்கும் முறை தொடங்கிற்று. இன்று உலக சுகாதார நிறுவனமும் அதனை ஏற்றுள்ளது. பிறந்த குழந்தையை 24 மணிநேரங் கழித்தே குளிப்பாட்டுமாறும் அது அறிவுறுத்துகின்றது.

நம் பழைய மாணவருட் பலர் இன்று தந்தையர், சிலர் பாட்டன்மார். குளிரைக் கூறவும் வெம்மையை முறையிடவும் வாயில்லாச் சிசுவுக்கு நம் கையே வெப்பமானி. அக்கையைப் பிடரியில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை ஆடவரும் மேற்கொள்வாராக.