பக்கத்தில் யாராவது இருக்காங்களா?

திருப்பூரில் தொலைபேசி வழியே மனநல சிகிச்சை தர முன்வருபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஷிப்ட் நேரத்தை. காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போகும் பெண், ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார். பல இடங்களில் வேலை நேரத்தில் போன் கையில் இருக்காது. வீடு என்பது லைன் வீட்டில் ஒற்றை அறை. இந்தப் பக்கம் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். நூற்பாலை விடுதியில் இருக்கும் பெண்ணுக்கு அந்த அறைகூடக் கிடையாது. மில் விடுதிகளில் போனுக்கு இருந்த கட்டுப்பாடுகளை 2011-ல் வெளியான ‘கேப்சர்ட் பை காட்டன்’, 2014-ல் வெளியான ‘ஃப்ளாட் ஃபேப்ரிக்ஸ்’ ஆகிய ஆய்வறிக்கைகள் விரிவாகவே பதிவு செய்திருக்கின்றன.

இப்படிப்பட்ட ஊரில்தான் அதிர்ச்சியால் உடைந்த மனதுக்குப் போனில் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கிறது. தேவை இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். 2021 ஜனவரியில், திருப்பூரின் ஈஸ்ட்மேன் குழுமம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடத்திய நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த தலித் இளம்பெண் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். சக தொழிலாளிகள் வெளியே பேசத் தொடங்கிய பிறகுதான், சீண்டலும் வசவும் அங்கே அன்றாடம் நடந்தவை என்பது தெரியவந்தது. பெண்கள் தலைமையிலான டி.டி.சி.யு. தொழிற்சங்கம் விடாமல் போராடி, ஆலையில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தத்தை 2022 ஏப்ரலில் கொண்டுவந்தது. ஆலை நிர்வாகமும் எச் அண்ட் எம் ஆடை நிறுவனமும் அதில் கையெழுத்திட்டன. அதன்படி, சங்கம் பயிற்சி கொடுத்த தொழிலாளிகளே சீண்டலைக் கண்காணிப்பவர்களாக ஆலைத் தளத்தில் நின்றார்கள். மனநலத் துறையினர் இதைத் தொழிலாளர் செய்தி என்று தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து. மறுநாள் காலை அதே சூப்பர்வைசர் முகத்தில் விழிக்க வேண்டிய பெண்ணுக்கு எந்த சிகிச்சையும் பாதிதான் வேலை செய்யும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் எழுதிய நூலில் மூன்று கட்டங்களைச் சொன்னார்: முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவுகூர்தலும் துக்கமும், பிறகு வாழ்க்கையோடு மறுபடி இணைதல். இந்த வரிசையைப் போனில் பேசுபவர்தான் எளிதில் தாண்டிவிடுகிறார். எதிரில் முகம் இல்லை, நேரமும் குறைவு. ‘என்ன நடந்ததுன்னு சொல்லுங்க’ என்று முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுகிறார். அந்தப் பெண் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டு, நடுங்கும் கையோடு போனை வைத்துவிட்டு, பத்தாவது நிமிடம் அடுப்படியில் நிற்பார். அவரை அப்படி விட்டுவிட்டுப் போனதற்குப் பெயர் சிகிச்சை இல்லை. சம்பவம் நடந்த உடனே, எல்லாரையும் உட்காரவைத்து விவரம் சொல்லச் சொல்வது நல்லதல்ல என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. முதல் சில வாரங்களுக்குப் பெரும்பாலும் உளவியல் முதலுதவி போதும்: நிலைமையைப் பார், சொல்வதைக் கேள், உதவியோடு இணை.

ஆகவே முதல் அழைப்பின் முதல் கேள்வி வேறு. ‘இப்ப பேச முடியுமாங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா? ஆமா, இல்லன்னு மட்டும் சொன்னாப் போதும்.’ அடுத்து: எந்த இடத்திலிருந்து பேசுகிறார், லைன் துண்டித்தால் யார் யாரை அழைப்பது, ஆபத்து என்றால் யாருக்குச் சொல்லலாம். கணவரோ வார்டனோ திடீரென்று வந்தால் சொல்ல ஒரு வார்த்தையையும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ‘சீட்டுப் பணம் அடுத்த வாரம் தர்றேன்க்கா’ என்றால் பேச்சை நிறுத்து என்று பொருள். ஒவ்வொரு அழைப்பிலும் இவை மறுபடி கேட்கப்பட வேண்டும். போன வாரம் மொட்டை மாடியில் தனியாக நின்றவர் இந்த வாரம் ஓடும் கம்பெனி பஸ்ஸில் இருக்கலாம்.

மத்திய அரசு 2020 மார்ச் 25-ல் வெளியிட்ட டெலிமெடிசின் வழிகாட்டி, நோயாளி தானே அழைத்தால் ஒப்புதல் தந்ததாகக் கொள்ளலாம் என்கிறது. காய்ச்சலுக்கு அது சரி. அதிர்ச்சி சிகிச்சைக்கு அது போதாது. தன் விருப்பம் மதிக்கப்படாமல் போனதால்தான் அவர் அழைக்கிறார். என்ன எழுதி வைப்போம், யாருக்குச் சொல்ல மாட்டோம், எப்போது சொல்லியே ஆக வேண்டும் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லி, வாய் திறந்து சரி என்று சொல்லவைக்க வேண்டும். அழைப்பவர் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால், பாலியல் குற்றத்தைத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி கட்டாயம். இதைக் கடைசியில் சொன்னால் அவர் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார்.

பேச்சின் நடுவில் ஒருவர் பழைய சம்பவத்துக்குள் நழுவிவிடுவதை நேரில் கண்ணால் பார்த்துவிடலாம். போனில் காதுதான் துணை. குரல் சிறுத்துப் போகும், பதில் வரத் தாமதமாகும், மூச்சு மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் கதையை நிறுத்தி, அவரை நிகழ்காலத்துக்குக் கொண்டுவர வேண்டும். சுற்றிலும் கேட்கும் ஓசைகளைக் கவனிக்கச் சொல்வது பாடநூல் முறை. திருப்பூரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. இரவிலும் எங்கோ நிட்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். தையல் லைனில் சீண்டப்பட்டவருக்கு அந்த இரைச்சலே பழைய இடத்துக்கு இழுத்துச் செல்லும் கயிறாகலாம். எண்ணெய் வாசனை, சாய வாசனை, புதுத் துணியின் வாசனை எல்லாமே அப்படித்தான். அதனால் தொடுகையிலிருந்து தொடங்குவது நல்லது. ‘கால் தரையில படுதா? செருப்பு போட்டிருக்கீங்களா? தரை சில்லுனு இருக்கா? சொம்புல தண்ணி இருந்தா கையை நனைச்சுக்கோங்க.’ எது அவரைக் கலைக்கிறது, எது நிலைநிறுத்துகிறது என்பதை முதல் சில அழைப்புகளிலேயே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்பவரே பின்னால் தடுமாறாமல் இருப்பார்.

அதன் பிறகே அடுத்த கட்டம். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, கண்ணசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். சிகிச்சை இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்தது. இவற்றுக்கு முறையான பயிற்சி வேண்டும். காணொளியும் தனியிடமும் இருந்தால் நல்லது. அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வுகளில் காணொளி சிகிச்சை நேரடி சிகிச்சைக்குச் சளைத்ததாக இல்லை. ஆனால் அவர்களுக்குப் பூட்டிக்கொள்ள ஒரு அறை இருந்தது. தூக்கமில்லை, படபடப்பு என்றவுடன் மாத்திரையை நீட்டுவதையும் தவிர்க்க வேண்டும். அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் பென்சோடயசிபின் வகை மருந்துகள் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மாதவிடாய் வலிக்குப் பெயர் தெரியாத மாத்திரை கொடுத்துப் பெண்களை மெஷினில் உட்காரவைத்த செய்தி 2019-ல் தமிழ்நாட்டு ஆடை ஆலைகளிலிருந்துதான் வந்தது.

எங்கே அழைப்பது? மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் இதை வழிநடத்துகிறது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இது நடக்கிறது. இந்தி, ஒடியா, வங்காளத்திலும் பேச முடியும் என்பது திருப்பூருக்குப் பெரிய விஷயம். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, பயத்தில் ஊருக்கு ரயில் ஏறியவர்களிடம் அவர்கள் மொழியில் பேச ஆள் தேவைப்பட்டது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. ஆனால் உதவி எண்ணில் ஒருமுறை பேசுவது வேறு, வாரந்தோறும் ஒரே ஆளிடம் பேசுவது வேறு. அதிர்ச்சிக்கு இரண்டாவது வேண்டும்.

கம்பெனி அமர்த்தும் ஆலோசகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சம்பளம் கொடுப்பது நிர்வாகம், ரகசியம் தொழிலாளியுடையது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 23-ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை உரிமையாகவே வைத்திருக்கிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையைத் தவிர வேறெதுவும் எச்.ஆர். மேசைக்குப் போகக் கூடாது. பாலியல் புகாருக்கு, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி உள்ளகக் குழு தனியாக இருக்கிறது. ஆலோசகர் அங்கே போக வழி காட்டலாம், துணை நிற்கலாம். அவரே விசாரணை அதிகாரியாகிவிடக் கூடாது. வாட்ஸ்அப்பில் ‘கவுன்சலிங் நேரம்’ என்று செய்தி அனுப்புவதும் வேண்டாம். அந்தப் போன் வீட்டில் எல்லார் கையிலும் புழங்குவது.

ஏற்றுமதி நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வேலை நேரத்துக்குள், தளத்துக்கு வெளியே, கதவு சாத்தும் ஒரு அறையும் ஒரு போனும், வாரம் முக்கால் மணி நேரமும் வேண்டும். யார் எதற்குப் போகிறார்கள் என்று தெரியாமலிருக்க, கண் பரிசோதனை, வங்கி வேலை என எல்லாவற்றுக்கும் அதே அறை இருக்கட்டும். டைம் ரேட்டில் இருப்பவருக்கு அந்த நேரச் சம்பளம் பிடிக்கப்படக் கூடாது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அவருடைய சராசரிக் கூலி கணக்கிட்டுத் தரப்பட வேண்டும். இல்லையென்றால், வாரக் கூலி சனிக்கிழமை குறையும்போது, வீட்டில் ஏன் குறைந்தது என்று கேட்பார்கள்.